இரண்டாம் ஆண்டில் விடுதிக்கு வெளியே: சேலத்தில் நண்பர்களோடு வாடகை வீடு எடுக்க ஒரு வழிகாட்டி

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இடம் விட வேண்டும் என்று விடுதி நிர்வாகம் சொல்லியோ, விடுதிச் சாப்பாடும் நேரக் கட்டுப்பாடும் ஒத்துவராமலோ, இரண்டாம் ஆண்டில் வெளியே வீடு பார்க்கும் மாணவர்கள் சேலத்தில் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனாக நானும் அலைந்தேன். வீடு கிடைப்பது கடினம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் வீடு எப்படியும் கிடைத்துவிடுகிறது, ஆனால் அதை ஓர் ஆண்டு முழுவதும் சண்டையில்லாமல் நடத்துவதும் முடிவில் அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதும்தான் கடினம். ஆகவே இந்த வழிகாட்டியில் ஆட்களைச் சேர்ப்பதற்கும் ஒப்பந்தத்திற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. காலத்தைக் கணக்கிட்டுத் தொடங்குங்கள்

இரண்டாம் ஆண்டு வகுப்புகள் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ தொடங்கும் என்பதால் மே மாதம் தேடினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மே மாதம் நீங்கள் தேர்வு எழுதிக்கொண்டோ சொந்த ஊரிலோ இருப்பீர்கள். எனவே பிப்ரவரி, மார்ச்சில் ஆட்களை முடிவு செய்து, ஏப்ரலில் வார இறுதிகளில் வீடுகளைப் பார்த்து, ஊருக்குக் கிளம்பும் முன் அட்வான்ஸைப் பேசி முடிப்பதே நல்லது. கல்லூரியை ஒட்டிய தெருக்களில் காலி செய்யும் இறுதியாண்டு மாணவர்களின் வீடுகள் ஏப்ரலிலேயே கைமாறிவிடும்.

ஆடி மாதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 17ஆம் தேதி வாக்கில் ஆடி பிறந்துவிட்டால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் புதிதாக யாரையும் குடிவர விடமாட்டார்கள். அந்த நேரத்தில் கலந்தாய்வு, தேர்வு முடிவு என்று எதற்காகவாவது தாமதமானால் ஆவணி பிறக்கும்வரை நீங்கள் நண்பர்கள் அறையில் ஒண்டிக்கொண்டிருக்க நேரிடும். இதற்கு ஊரில் வழக்கமான தீர்வு ஒன்று உண்டு: ஆனி மாதத்திற்குள் ஒரு நல்ல நாளில் பாலைக் காய்ச்சிவிட்டு, ஒரு பாயையும் குடத்தையும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டால், ஆடியில் சாமான்களைக் கொண்டுவருவதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் பால் காய்ச்சிய நாளிலிருந்தே வாடகை ஓடத் தொடங்கும். அந்த அரை மாத வாடகையைக் குறைத்துத்தர முடியுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மறுபக்கம், ஆடியில் காலியாக நிற்கும் வீட்டின் உரிமையாளர் வாடகையில் 500 ரூபாய் குறைக்கவும் இறங்கி வருவார். சம்பிரதாயம் பார்க்காத உரிமையாளர் அமைந்தால் பேரம் பேச அதுவே நல்ல மாதம்.

2. வீட்டுக்கு முன் ஆட்களை முடிவு செய்யுங்கள்

வகுப்பில் நல்ல நண்பராக இருப்பவர் வீட்டில் நல்ல துணையாக இருப்பார் என்று நம்பிவிடக் கூடாது. யாருடன் தங்குவது என்று யோசிக்கும்போது நான்கு விஷயங்களை வெளிப்படையாகக் கேளுங்கள்: மாதம் எவ்வளவு வரை கொடுக்க முடியும், பணம் எந்தத் தேதியில் வீட்டிலிருந்து வரும், சமைக்கப் போகிறோமா அல்லது மெஸ்ஸில் சாப்பிடப் போகிறோமா, இரவு எத்தனை மணிவரை விளக்கு எரியும். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டால் இந்த நான்குமே ஆகஸ்டு மாதத்தில் சண்டையாக வந்து நிற்கும்.

அரசுத் திட்டங்களில் வரும் தொகையை வாடகைக்கென்று ஒதுக்கும் நண்பர்களும் உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்வி உதவித்தொகையும் வரும். வர வேண்டிய பணம்தான் என்றாலும், சில மாதங்கள் சேர்ந்து மொத்தமாக வருவதும் உண்டு. வாடகையோ ஐந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டியது. எனவே இந்தத் தொகைகளைச் சாப்பாட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாடகையை இவற்றின் மீது ஏற்றாதீர்கள்.

ஆட்கள் முடிவானதும் ஒரு தாளில் உங்களுக்குள் ஓர் உடன்பாட்டை எழுதி எல்லோரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். இதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை. சட்டத்திற்காக எழுதுவதுமில்லை, பின்னால் நினைவு மாறிப்போகாமல் இருப்பதற்காக எழுதுவது. என் கருத்தில் அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை இவை.

அட்வான்ஸில் யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைத் தனித்தனியாக எழுத வேண்டும். ஒருவர் நடுவில் விலகினால் என்ன செய்வது என்பதை அதைவிடக் கவனமாக எழுத வேண்டும். ஏனெனில் நான்கு பேர் சேரும் வீட்டில் ஓர் ஆண்டுக்குள் ஒருவராவது விலகுவது சாதாரணம். படிப்பை நிறுத்தலாம், விடுதியில் மறுபடி இடம் கிடைக்கலாம், ஊரிலிருந்தே பேருந்தில் வந்துபோக முடிவு செய்யலாம். விலகுபவர் இரண்டு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், அல்லது மற்றவர்கள் ஏற்கும் ஒருவரைத் தனக்குப் பதிலாகக் கொண்டுவர வேண்டும், இரண்டும் இல்லையென்றால் அந்த இரண்டு மாதப் பங்கைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று எழுதுங்கள். அவருடைய அட்வான்ஸ் பங்கைப் புதிதாக வருபவர்தான் கொடுப்பார். வீட்டு உரிமையாளர் நடுவில் ஒருவருக்கு மட்டும் பிரித்துத் தரமாட்டார். இது தெரியாமல் விலகியவர் உரிமையாளரிடம் போய்க் கேட்க, அவர் மொத்தப் பேரையும் காலி செய்யச் சொன்ன கதைகளை நான் கேட்டிருக்கிறேன்.

நாமக்கல், தருமபுரி, ஆத்தூர் பக்கத்து மாணவர்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்குப் போய்விடுவார்கள். நான் பாதி நாள்தான் இருக்கிறேன், மின்கட்டணத்தில் பாதிதான் தருவேன் என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். நாள் கணக்குப் பார்த்துப் பிரிக்கும் முறை நியாயமாகத் தெரிந்தாலும் நடைமுறையில் மாதம் ஒரு பஞ்சாயத்தாக முடிகிறது. வாடகை, மின்சாரம், இணையம், கேன் தண்ணீர் நான்கையும் சமமாகப் பிரித்துவிட்டு, சமையல் பொருள்களை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குள் பிரித்துக்கொள்வதே மேல். தனி அறையோ பால்கனி உள்ள அறையோ எடுத்துக்கொள்பவர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

3. முதல் மாதத்தில் கையில் இருக்க வேண்டிய பணம்

நான்கு பேருக்கு 9,000 ரூபாய் வாடகையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 2,250 ரூபாய்தானே என்று தோன்றும். மூன்று மாத அட்வான்ஸ் 27,000, முதல் மாத வாடகை 9,000, புரோக்கர் மூலம் போனால் அவருக்கு வழக்கப்படி ஒரு மாத வாடகை 9,000 என்று சேர்த்தால் உள்ளே நுழைவதற்கே 45,000 ரூபாய் ஆகிறது. ஒருவர் பங்கு 11,250 ரூபாய். இதற்கு மேல் ஒப்பந்தம் எழுதும் செலவு, சாமான் ஏற்றிவரும் குட்டி யானை வாடகை, பாத்திரம், அடுப்பு, விளக்குமாறு வரை எல்லாம் இருக்கின்றன. இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் முதலிலேயே எழுதிக் காட்டிவிட்டால், பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியிருக்காது.

விடுதியில் நீங்கள் கட்டிய காப்புத்தொகை திரும்ப வரும் என்றாலும் அதை இந்தச் செலவுக்கு நம்பாதீர்கள். பாக்கியில்லைச் சான்றில் மெஸ், நூலகம், வார்டன் என்று கையெழுத்துகள் வாங்கி, அலுவலகத்தில் கொடுத்த பிறகுதான் அது கிடைக்கும். விடுமுறைக்குக் கிளம்பும் முன் அந்தப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சியாக நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை பெறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில உதவித்தொகைகளில் விடுதியில் தங்குவோருக்கு ஒரு தொகையும் வெளியிலிருந்து வருவோருக்குக் குறைவான தொகையும் உண்டு. வெளியே வீடு எடுத்த பிறகும் புதுப்பித்தல் விண்ணப்பத்தில் விடுதி மாணவர் என்றே குறித்தால் சரிபார்ப்பில் விண்ணப்பம் நின்றுவிடும். கல்விக் கடனில் விடுதிக் கட்டணமும் சேர்ந்திருந்தால், அதை வெளி வாடகைக்குத் தருவார்களா, என்ன ரசீது கேட்பார்கள் என்று வங்கிக் கிளையில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

4. எந்தப் பகுதியில் பார்ப்பது

கல்லூரியை வைத்துத்தான் பகுதியை முடிவு செய்ய வேண்டும். பெரியார் பல்கலைக்கழகம், அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களுக்குக் கருப்பூரே நடந்துபோகும் தூரம்; ஆனால் அங்கே வீடுகள் குறைவு, போட்டி அதிகம், பெங்களூரு நெடுஞ்சாலையை இரவில் கடக்க வேண்டிய தெருக்களும் உண்டு. அங்கே கிடைக்காதவர்கள் புதிய பேருந்து நிலையத்தை ஒட்டிப் பார்த்தால் பேருந்து வசதி இருக்கும். செர்ரி சாலையில் உள்ள அரசு கலைக் கல்லூரிக்கு அஸ்தம்பட்டி, மரவனேரி, கோரிமேடு, கன்னங்குறிச்சி. ஜங்ஷன் சாலைக் கல்லூரிகளுக்கு மெய்யனூர், பள்ளப்பட்டி, ஐந்து ரோடு. இரும்பாலை சாலையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சூரமங்கலம், ஜாகீர் அம்மாபாளையம் என்று தேடலாம். பேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பகுதிகள் பெண்கள் தங்க வசதியானவை. வாடகையும் அதற்கேற்பக் கூடுதல்.

ஏற்காடு அடிவாரச் சாலையை ஒட்டி வீடு எடுப்பவர்கள் சனி, ஞாயிறுகளில் சுற்றுலா வண்டிகளின் நெரிசலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏற்காட்டிலேயே வீடு எடுத்துத் தினமும் இறங்கி வரலாம் என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது யோசனை சொல்வார். 20 கொண்டை ஊசி வளைவுகளை நாள்தோறும் இரண்டு முறை கடக்க வேண்டும். பெருமழையில் மண் சரிந்து அந்தச் சாலையை மூடுவதும் உண்டு. அந்த யோசனையைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுங்கள்.

மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து வசதி சாதாரண நகரப் பேருந்துகளில்தான் உண்டு என்பதால், மாணவிகள் தங்கள் வழித்தடத்தில் அந்தப் பேருந்துகள் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் எத்தனை ஓடுகின்றன என்று நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாணவர் பயண அட்டை வைத்திருப்பவர்கள் வீடு மாறினால் அட்டையில் உள்ள புறப்படும் இடத்தையும் புதிய விண்ணப்பத்தில் மாற்ற வேண்டியிருக்கும்.

5. தேடும் வழிகள்

முதல் வழி இறுதியாண்டு மாணவர்கள். அவர்கள் காலி செய்யும் வீட்டின் உரிமையாளர் ஏற்கெனவே மாணவர்களுக்கு விடச் சம்மதித்தவர் என்பதால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அவர் அட்வான்ஸை எப்படித் திருப்பித் தருகிறார் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். அடுத்தது, காலையில் தெருத்தெருவாக நடந்து டூ-லெட் பலகைகளைப் பார்ப்பது. மளிகைக்கடை, அயர்ன்காரர், பால் ஊற்றுபவர் ஆகியோருக்குப் பலகை தொங்காத காலி வீடுகளும் தெரியும். புரோக்கரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்; வீடு முடிந்த பிறகே கமிஷன் என்று சொல்லிவிட்டு, வீடு காட்டவே தனியாகப் பணம் கேட்பவரை விட்டுவிடுங்கள்.

இணைய விளம்பரங்களில் பரவலான மோசடி ஒன்று உண்டு. நல்ல வீட்டின் படங்களும் குறைந்த வாடகையும் இருக்கும். உரிமையாளர் ராணுவத்திலோ துணை ராணுவத்திலோ பணிபுரிவதாகவும், வெளியூரில் இருப்பதால் வந்து காட்ட முடியாது என்றும், வீட்டைப் பிடித்து வைக்க டோக்கன் அட்வான்ஸ் அனுப்பினால் போதும் என்றும் சொல்லி, அடையாள அட்டையின் படத்தைக்கூட அனுப்புவார். வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பணத்தை வாங்குவதற்கு யாரும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ பின் எண்ணைப் போடவோ வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்; எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

தனியார் மகளிர் விடுதியில் தங்க நினைக்கும் மாணவிகள், அது மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றதா என்று கேளுங்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த உரிமம் கட்டாயம். கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தை விட்டுவிடலாம். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகள் நடத்தும் கட்டணமில்லா விடுதிகளையும் வீடு தேடுவதற்கு முன் விசாரித்துவிடுங்கள். சாதிச் சான்றும் பெற்றோரின் வருமானச் சான்றும் கையில் தயாராக இருக்க வேண்டும்.

6. வீட்டுக்குள் எதைப் பார்ப்பது

முதலில் தண்ணீர். சேலத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும், மேட்டூர்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று உரிமையாளரைக் கேட்காமல் பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். தினமும் வராது, இடையில் உள்ள நாள்களுக்கு நீங்கள் எத்தனை குடம் பிடித்து வைக்க முடியும், தரைத்தொட்டி உண்டா, அதில் உங்கள் போர்ஷனுக்குப் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி. புழக்கத்திற்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இருக்கும். அது உப்பாக இருந்தால் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். மோட்டாரை யார் போடுவது, எந்த நேரத்தில் போடுவது என்பதும் முக்கியம். உரிமையாளர் கையில் மட்டும் சுவிட்சு இருக்கும் வீட்டில் காலை எட்டரை மணிக்கு நான்கு பேர் குளித்துக் கிளம்புவது நடக்காது.

அடுத்தது மின்சாரம். உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டரும் தனி இணைப்பு எண்ணும் உண்டா என்று பாருங்கள். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளிலும் விலை கூடிவிடும். கீழே உரிமையாளர், மேலே நீங்கள் என்று ஒரே இணைப்பில் ஓடும் வீட்டில் இருவர் யூனிட்டும் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டும். பிறகு உங்களுக்கென்று ஒரு சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாகக் கேட்பார்; இலவச யூனிட்டின் பலன் உங்களுக்கு வராது. அத்தகைய வீட்டை எடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன், ஆனால் யூனிட் விலையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு, வாடகையில் அதற்குத் தக்கபடி குறைத்துப் பேச வேண்டும்.

கூரையைப் பாருங்கள். மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறை வாடகை குறைவாக இருக்கும். மாலையில் போய்ப் பார்த்தால் காற்றோட்டமாகவும் தெரியும். அதே அறையை ஏப்ரல் மாதத்தில் மதியம் இரண்டு மணிக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கான்கிரீட் கூரையில் பழுப்பு வட்டங்கள் தெரிந்தாலோ சுவரின் ஒரு பகுதிக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தாலோ, மழையில் ஒழுகியதா என்று கேளுங்கள். திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களில் தரைத்தள வீடு என்றால், மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

மீதியை வேகமாகப் பார்த்துவிடலாம்: கதவு, சன்னல் தாழ்ப்பாள், கழிவறையில் தண்ணீர் இறங்குகிறதா, வண்டி நிறுத்த இடம், செல்போன் சிக்னல், ஏற்கெனவே கட்டில் இருந்தால் அதன் இடுக்குகளில் மூட்டைப்பூச்சி.

7. உரிமையாளரிடம் பேசுவது

பேச்சிலருக்கு வீடு இல்லை என்ற பதிலை நிறையக் கேட்பீர்கள். இருவர் மட்டும் போய்ப் பேசுங்கள். நான்கு பேரும் நான்கு வண்டிகளில் போய் நின்றால் கதவு திறக்கும் முன்பே பதில் முடிவாகிவிடும். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி, பெற்றோரில் ஒருவரைத் தொலைபேசியில் பேசவைத்து, முடிந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் நேரில் வரச்செய்யுங்கள். அப்பாவோ அம்மாவோ ஒரு முறை வந்து அமர்ந்து பேசிவிட்டால் வாடகையே குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த ஊர், என்ன ஆட்கள், அசைவம் சமைப்பீர்களா என்றும் கேட்பார்கள். சாதியைத்தான் சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் அந்த வீட்டை விட்டுவிடுவதே என் ஆலோசனை. பொய் சொல்லி நுழைந்து ஓர் ஆண்டு முழுவதும் ஒளிந்து வாழ்வதைவிட இரண்டு தெரு தள்ளி நடப்பது எளிது. சாப்பாட்டைப் பற்றிய கேள்விக்கு உண்மையையே சொல்லுங்கள். விருந்தினர் தங்கலாமா, இரவு எத்தனை மணிக்குக் கேட் பூட்டப்படும் என்பவற்றை நீங்களே முந்திக்கொண்டு கேட்டுவிடுங்கள்.

உங்களிடம் பேசுபவர் உண்மையிலேயே உரிமையாளர்தானா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். சொத்து வரி ரசீதிலோ மின்கட்டண ரசீதிலோ உள்ள பெயரையும் அவருடைய அடையாள அட்டையையும் ஒப்பிட்டால் போதும். பெயர் வேறாக இருந்தால் அது யார், உறவு என்ன, வாடகைக்கு விட எழுத்தில் அதிகாரம் உண்டா என்று கேளுங்கள். தானே வாடகைக்கு இருப்பவர் உள்வாடகைக்கு விடுகிறார் என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் நுழையாதீர்கள்.

வாடகை இல்லாமல் போக்கியத்திற்கு விடுவதாகச் சொன்னால் மாணவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். மொத்தமாக லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, காலி செய்யும் நேரத்தில் அடுத்த ஆள் வந்தால்தான் பணம் என்று காத்துக் கிடக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

8. ஆவணங்களும் ஒப்பந்தமும்

ஒவ்வொருவரும் ஆதார் நகல், கல்லூரி அடையாள அட்டை நகல், இரண்டு புகைப்படங்கள், பெற்றோர் ஒருவரின் அடையாள நகலும் தொலைபேசி எண்ணும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் குடியிருப்போர் விவரம் கொடுக்கவும் உரிமையாளர் இவற்றைக் கேட்பார். ஆதாரில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் வடிவத்தை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதைக் கொடுத்து, நகலின் மேல் ‘வீட்டு வாடகைக்காக மட்டும்’ என்று தேதியுடன் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; கையெழுத்தான 90 நாள்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும். இதற்கென மாநில அரசின் இணையதளம் இருக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு என்று பல உரிமையாளர்கள் சொல்வார்கள். பழைய வழக்கத்தில் ஊறிய பேச்சு அது. பதிவு செய்யாத ஒப்பந்தம் தகராறு வரும்போது உங்களுக்குக் கைகொடுக்காது. அதே சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரையில், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்; சட்டம் பேசும் மாணவனுக்கு வீடே வேண்டாம் என்று சிலர் நினைப்பார்கள் என்பதால் பெற்றோர் வாயால் சொல்லவைப்பது உத்தமம். வாடகை வாங்கியதற்கு ரசீது கேட்பதும், வீட்டுக்குள் உரிமையாளர் வருவதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்புக் கேட்பதும் உங்கள் உரிமைகள். சண்டை வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ அவர் நிறுத்த முடியாது.

ஒப்பந்தத்தில் எல்லோருடைய பெயரும் இருக்க வேண்டும். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. வசதிக்காக ஒருவர் பெயரில் மட்டும் எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால், மற்ற மூவரும் வாடகை தராமல் போனாலும் முழு வாடகைக்கும் சேதத்திற்கும் அந்த ஒருவரே பொறுப்பு; மறுபக்கம், அட்வான்ஸ் முழுவதும் சட்டப்படி அவர் கைக்கே திரும்பும் என்பதால் மற்ற மூவருக்கும் எந்தப் பிடிமானமும் இல்லை. கையெழுத்திடுபவர்கள் 18 வயது நிரம்பியவர்களாக இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் 18 நிரம்பாத ஒருவர் குழுவில் இருந்தால், அவருக்குப் பதிலாகப் பெற்றோர் கையெழுத்திடட்டும்.

தேதிகளையும் கவனியுங்கள். ஜூன் 1ஆம் தேதி தொடங்கும் பதினொரு மாத ஒப்பந்தம் ஏப்ரல் 30ஆம் தேதி முடிந்துவிடும். உங்கள் தேர்வு மே மாதத்திலும் நீளலாம். எனவே, அதே வாடகையில் ஒரு மாதம் நீட்டிக்கலாம் என்ற வரியை முதலிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டும் அங்கேயே தொடர நினைத்தால் மே மாத வாடகை முழுதாகவா பாதியாகவா என்பதையும், வாடகை எத்தனை சதவீதம் உயரும் என்பதையும் இப்போதே எழுதுங்கள்.

காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கமாகிவிட்டது. அதை முற்றிலும் மறுக்க முடியாவிட்டாலும், இவ்வளவு ரூபாய்க்கு மேல் இல்லை என்று ஒரு தொகையை எழுதவைக்கலாம். எங்கள் வீட்டு உரிமையாளர் இந்த வரி இல்லாததைச் சாக்காக வைத்து, பெயிண்ட், சுத்தம் செய்தல், ஏற்கெனவே உடைந்திருந்த ஒரு கண்ணாடி என்று மூன்று கணக்குகளைக் காட்டினார். முன்னறிவிப்புக் காலம், தண்ணீர் வரி, குப்பை, மோட்டார் மின்சாரம் ஆகியவற்றை யார் கொடுப்பது என்பவையும் இருக்கட்டும்.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக, ஒவ்வொருவரும் தன் கணக்கிலிருந்தே அனுப்புங்கள்; குறிப்பில் ‘வீட்டு அட்வான்ஸ்’ என்று எழுதுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், ஒப்பந்தத்திலேயே தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

9. குடிபோகும் நாள்

சாமான் இறக்கும் முன் காலி வீட்டை அறை அறையாகக் காணொளி எடுத்து, உடைந்த கண்ணாடி, சுவர் ஆணி, கறை எல்லாவற்றையும் படம்பிடித்து, அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மீட்டர் அளவையும் படமெடுங்கள். சமையலுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டரை, முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டையை மட்டும் காட்டி விநியோகஸ்தரிடம் வாங்கலாம். பெரிய சிலிண்டருக்கு அலைய வேண்டாம். உரிமையாளர் சம்மதித்தால் பூட்டை மாற்றிவிடுங்கள். முன்பு குடியிருந்தவர்களிடம் எத்தனை சாவிகள் இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது.

10. காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் ஒரு சாட்சிதான், ஆனால் தேதியிட்ட கடிதத்தின் நகலில் உரிமையாளரின் கையெழுத்து இருப்பது வலுவானது. கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம் எனச் சீனியர்கள் சொல்வார்கள். உரிமையாளர் ஒப்புக்கொண்டு எழுதித் தந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். இல்லாவிட்டால் வாடகை பாக்கி வைத்தவர் என்ற நிலை உங்களுடையதாகிவிடும்.

மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒரு முறை கணக்கெடுக்கப்படுவதால், நீங்கள் போன பிறகு ஒரு ரசீது வரும். காலி செய்யும் நாளில் மீட்டர் அளவைப் படமெடுத்து, அதுவரை ஆன யூனிட்டுக்கு இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டுத் தொகையை முடித்துக்கொள்ளுங்கள். பிறகு, குடிபோன நாளில் எடுத்த காணொளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கழிக்கும் தொகை ஒவ்வொன்றையும் எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி, நியாயமான கழிவு போக மீதி அட்வான்ஸ் காலி செய்த ஒரு மாதத்திற்குள் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் முதலில் பெற்றோர் மூலம் பேசுங்கள். அதன் பிறகும் இழுத்தால், பதிவு செய்த ஒப்பந்தம், பணம் அனுப்பிய வங்கிக் குறிப்புகள், முன்னறிவிப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களோடு வாடகை அதிகார அமைப்பிடம் மனு கொடுங்கள். சாவியை ஒப்படைக்கும்போது, எத்தனை சாவிகள், எந்தத் தேதி என்று இரண்டு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள். அந்த ஒரு மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.